நீ எடுத்துக்கொண்டு போன பழி

பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரில் இன்று காலை எவனோ பேசும்படத்துக்கு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தான். பசை இன்னும் காயவில்லை. கிட்டே போனபோது கஞ்சியும் மயில்துத்தமும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியது. மாடு தின்றுவிடாமல் இருக்கப் பசையில் துத்தம் கலக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னவன் நீதான். உன் சட்டை, உன் நகக்கண், நீ சாப்பிட்ட தட்டு எல்லாவற்றிலும் அந்த வாடை இருக்கும். உன்னை மாடுகூடத் தின்னாது என்று நான் கேலி செய்திருக்கிறேன். இன்று சுவரோரம் நின்று கொஞ்ச நேரம் அதை முகர்ந்துகொண்டிருந்தேன். மணி அடித்ததுகூடத் தெரியவில்லை. வாத்தியார் நோட்டீஸை முகர்வதைப் பார்த்துப் பையன்கள் சிரித்தார்கள்.

உள்ளே போனால் வராந்தாவில் ஒரு தகப்பனார் காத்திருந்தார். அவருடைய மகன் நேற்று ஒரு சின்னப் பையனைக் கீழே தள்ளி, மார்பில் ஏறி உட்கார்ந்து, வாயில் மண்ணைத் திணித்தான். அதற்காக வரச் சொல்லியிருந்தேன். அவர் பதிலோடுதான் வந்திருந்தார். "எங்கூட்டுல ஒரு கொறையும் இல்லீங்க வாத்தியாரய்யா. எல்லாம் இந்தப் பேசும்படத்தப் பாத்துப்போட்டுக் கெட்டுப் போறானுங்க" என்றார். சொல்லிக்கொண்டே பக்கத்தில் நின்ற மகனின் பிடரியில் ஓங்கி ஒன்று வைத்தார். பையன் கண்ணைக்கூட இமைக்கவில்லை; பழக்கம் போலிருக்கிறது. அவரை அனுப்பிவிட்டுப் பாடம் எடுக்கப் போனேன். நாள் முழுக்க உன் நினைப்புதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ செத்துப்போன பிறகு உன்னோடு சண்டை போட எனக்கு வேறு வழி இல்லை.

கோயமுத்தூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். நான் துடியலூருக்கு வடக்கே ஒரு குடியானவர் வீட்டிலிருந்து வந்து, சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்தவன். நீ கோட்டைமேட்டுத் தையல்கடைக்காரரின் மகன். உனக்குக் கணக்கு ஏறாது, எனக்குப் பேச்சு வராது. வாத்தியார்களைப் போலவே பேசிக் காட்டி நீ வாங்கிய அடிக்கு அளவே இல்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டுகிற கூடாரக் கம்பெனியில் சேர்ந்தாய். நான் வாத்தியார் வேலைக்குப் போனேன். "நீயும் பேசித்தாம் பொழைக்கறே, நானும் பேசித்தாம் பொழைக்கறேன். என்ற பேச்சக் கேக்கறதுக்கு ஜனம் தானா வருது கவுண்டரே" என்பாய். அந்தக் 'கவுண்டரே' முழுக்க முழுக்க நக்கல்தான். உன்னைத் தவிர வேறு யார் அப்படிக் கூப்பிட்டாலும் எனக்குப் பிடிப்பதில்லை.

அப்போது படங்களுக்கு வாய் கிடையாது. இப்போதுள்ள பையன்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். திரையில் ஆட்கள் உதட்டை மட்டும் அசைப்பார்கள். திரைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியின் மேல் தகரக் குழாயோடு நீ நிற்பாய். ராஜா, ராணி, மந்திரி, குதிரை, இடி, மழை எல்லாமே நீதான். எழுதிக் கொடுத்த வசனம் என்று ஒன்றும் இல்லை. கூட்டத்தின் முகத்தைப் பார்த்து அந்த நேரத்துக்கு நீயே கட்டிக்கொள்வாய். சோகமான இடத்தில்கூட ஏன் சிரிக்க வைக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "ஜனம் அழுதா எந்திரிச்சுப் போயிரும். சிரிச்சாத்தான் உக்காந்திருக்கும்" என்றாய். தொழில்காரன் பேச்சு. நானும் ஒத்துக்கொண்டேன்.

அந்தக் கோடையில் எங்கள் ஊருக்குக் கூடாரத்தைக் கொண்டுவரச் சொன்னவன் நான். மாரியம்மன் நோம்பித் திருவிழா சமயம், எனக்கும் விடுமுறை. என் அண்ணன்தான் ஊரில் பெரிய பண்ணையம். அவரிடம் சொல்லி, களத்தை ஒட்டிய மேட்டில் கூடாரம் போட இடம் வாங்கிக் கொடுத்தேன். முதல் நாள் அவரே வந்து முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

படத்தில் ஒரு கொடிய மந்திரி. நல்லவன் ஒருவனைத் தூணோடு சங்கிலியால் கட்டிவைத்துச் சாட்டையால் அடிப்பான். கட்டுண்டவன் அழுது கெஞ்சுவான். பார்க்கிறவர்களும் அழ வேண்டிய இடம்தான். ஆனால் காட்சி இழுத்துக்கொண்டே போயிற்று, பின்னால் இருந்தவர்கள் நெளிய ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்ததும் நீ கட்டுண்டவனுக்கு ஒரு கீச்சுக் குரல் கொடுத்தாய். "ஐயனே, அடியேன் பொடியேன், விட்டுவிடும் ஐயனே, விழுந்து கும்பிடக் கையில்லையே ஐயனே" என்று மூக்கால் இழுத்தாய். கூடாரமே குலுங்கியது. அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாள் அந்த இடம் எப்போது வரும் என்று காத்திருந்து, நீ வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பண்ணையாட்கள் கூடாரத்துக்குள் வரக்கூடாது என்பது ஊர்க்கட்டு. வெளியே மண்ணில் உட்கார்ந்தாவது பார்க்கட்டும் என்று பக்கத்துப் படுதாவை நீ கொஞ்சம் தூக்கிக் கட்டி வைத்தாய். அங்கே உட்கார்ந்து பார்த்தவர்களில் ஒருவன் ரங்கன், எங்கள் பண்ணையாள் ஆண்டியின் மகன். அவனுக்கு உன் நாக்கு வாய்த்திருந்தது. ஒரு தடவை கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னான். ஆடு மேய்க்கிற இடத்தில் முழுப் படத்தையும் பேசிக் காட்டினான். பெரியவர்களே அவனைக் கூப்பிட்டு, அந்தக் கீச்சுக் குரலைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்கள். நீயும் ஒருநாள் கேட்டாய். உன்னைவிட அவன் நன்றாகச் சொல்கிறான் என்று வாய்விட்டுப் பாராட்டினாய். என் அண்ணன் மகன் நாச்சிமுத்து அப்போது பக்கத்தில் நின்றிருந்தான். அவனும் அதைச் சொல்லிப் பார்த்தவன்தான். குரல் உடைகிற வயசு, அவனுக்குக் கீச்சுக் குரல் எழும்பவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

எங்கள் தோட்டத்தில் எருதுகளைப் பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைப்பதை நீ பார்த்திருக்கிறாய். கிணற்று மேட்டிலிருந்து சரிந்து இறங்கும் வாரியில் எருதுகள் கீழே நடந்தால் வடத்தில் கட்டிய சால், அந்தப் பெரிய இரும்பு வாளி, தண்ணீரோடு மேலே வரும். எருதுகள் பின்னோக்கி மேடேறினால் சால் கிணற்றுக்குள் இறங்கும். கீழே இறங்கும்போது ஓட்டுகிறவன் வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதில் ஏறிப் போவதைவிடப் பெரிய ஆசை கிடையாது. நீகூட ஒருமுறை ஏறி, வேட்டியைக் கிழித்துக்கொண்டாய்.

அன்று காலை எருதுகளை அவிழ்த்துக் கொண்டுபோயிருந்த நேரம். நாச்சிமுத்துவும் அவன் கூட்டாளிகளும் ரங்கனை வாரிக்குப் பிடித்து வந்தார்கள். வடத்தோடு பூட்டிய நுகத்தடியைக் கழுத்தில் வைத்து, இரண்டு கைகளையும் விரித்து அதோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார்கள். மாடு மாதிரி இழுக்கச் சொன்னார்கள், இழுத்துக்கொண்டே கீச்சுக் குரலில் கெஞ்சச் சொன்னார்கள். கெஞ்சாவிட்டால் சாட்டைக்குச்சியால் அடி. நாச்சிமுத்து வடத்தில் ஏறி உட்கார்ந்தான். ரங்கன் கெஞ்சினான். பக்கத்துக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கு அது கேட்டது. படம் விளையாடுகிறார்கள் என்று சிரித்தார்களாம். அவர்கள் வாரியின் அடிக்குப் போனபோது, மேட்டில் நின்ற ஒருவன் கிணற்று விளிம்பில் இருந்த இரும்புச் சாலை உள்ளே தள்ளிவிட்டான்.

இரண்டு எருதுகள் தாங்குகிற இரும்புச் சால் அது. அது விழுந்த வேகத்தில் வடம் விறைத்தது. நாச்சிமுத்து குதித்துவிட்டான். கட்டுண்டவன் எப்படிக் குதிப்பான்? மல்லாக்க விழுந்து, வாரி முழுவதும் மேலே இழுபட்டுப் போய், கிணற்று வாயில் நிற்கிற கல்தூண்களில் மோதினான். நுகத்தடி குறுக்கே மாட்டிக்கொண்டதால் கிணற்றுக்குள் போகவில்லை. இடுப்பு நொறுங்கிப்போயிற்று. இழுபட்ட வழியெல்லாம் அவன் கத்தினான். கத்தியதும் அதே கீச்சுக் குரல், அதே வார்த்தை. களை வெட்டியவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நோட்டீஸ் போடுகிற உன் வண்டியில் வைக்கோல் பரப்பி, அவனையும் ஆண்டியையும் ஏற்றி, கோயமுத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நீதான் கொண்டுபோனாய். எங்கள் வீட்டில் வண்டி கட்டுவதற்கு யாரும் எழுந்திருக்கவில்லை. வண்டி கிளம்பிய பிறகு நாச்சிமுத்துவைத் தேடிப் போனேன். மாட்டுப்பட்டிக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பயந்திருந்தான், அழவில்லை. யாரடா உனக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தது என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். அவன் சொன்னதை இன்றுவரை ஒரு வார்த்தை மாறாமல் என்னால் சொல்ல முடியும்.

"அப்பா ஆண்டியக் கட்டுனாப்பலதானுங்க சித்தப்பா கட்டுனேன். அப்பா கட்டுனப்ப அவனுக்கு ஒண்ணும் ஆகலீங்களே."

அதற்கு முந்தின வருஷம் ஆண்டி ஓட்டிப் போன எருது பள்ளத்தில் இறங்கிக் காலை ஒடித்துக்கொண்டது. அதற்குத் தண்டனையாக, மிச்சமிருந்த எருதோடு ஆண்டியை நுகத்தில் பூட்டி, கைகளைத் தடியோடு கட்டி, ஒரு காலைப் பொழுது முழுக்க அண்ணன் தண்ணீர் இறைத்திருக்கிறார். ஊரே வந்து பார்த்திருக்கிறது. மகனைத் தூக்கி வடத்தின் மேல் உட்கார வைத்தவரும் அவர்தான். நான் டவுனில் இருந்தேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சொல்ல வேண்டிய சேதியாகவே யாருக்கும் தோன்றவில்லை. அண்ணியிடம் கேட்டேன். மோர் கடைந்துகொண்டிருந்தவர் கயிற்றை நிறுத்தாமலே ஆமாம் என்றார். நாளைக்கு ஊர் கூடும்போது வாயைத் திறந்துவிட வேண்டாம் என்றும் சொன்னார்.

மறுநாள் கோயில் முன்னால் ஊர் கூடியது. நீ அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தாய். சட்டையில் ரங்கனின் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. நீ ஓரமாக நின்றாய். ஆண்டி அதற்கும் அப்பால் வேலியோரம் நின்றான். களை வெட்டிய பெண்கள் கேட்டதைச் சொன்னார்கள். ஊர்க்கவுண்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, படம் வந்துதான் பிள்ளைகளுக்குப் புத்தி கெட்டது என்றார். எல்லாத் தலைகளும் ஆடின. அண்ணனின் தலை எல்லோருக்கும் முன்னால் ஆடியது.

நான் எழுந்தேன். பேச்சு வராத நான் அன்று பேசினேன். அந்தப் படத்தில் தூணும் சங்கிலியும்தான் உண்டு, நுகத்தடி எங்கே இருக்கிறது, கவலை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கையைத் தடியோடு கட்டாமல் இருந்திருந்தால் ரங்கன் நழுவி விழுந்து தப்பித்திருப்பான், அந்தக் கட்டு எங்கள் தோட்டத்துக் கட்டு என்றேன். நாச்சிமுத்து என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். யாரும் மூச்சு விடவில்லை. அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. "டவுனுல படிச்சுப்போட்டு வந்து ஊட்டு மானத்த வாங்கறானுங்க" என்று பொதுவாகச் சொன்னார். ஆனால் குரலில் உறுதி இல்லை. கூட்டத்தில் ஒன்றிரண்டு பேர் கீழே பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். இன்னும் ஒரு நிமிஷம் அந்த மௌனம் நீடித்திருந்தால் போதும், யாராவது ஒருவர் அண்ணனைக் கேள்வி கேட்டிருப்பார். இதை நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

ஊர்க்கவுண்டர் உன் பக்கம் திரும்பினார். நீ சொல்லப்பா என்றார். நீ உள்ளதைச் சொன்னால் போதும் என்று உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தப்பு எம்பேர்லதானுங்க" என்றாய். "படத்துல அவன் அழுகத்தாஞ் செய்யறான். அதச் சிரிப்பாக்குனது நாந்தானுங்க. அந்தக் கொரலு நாங் குடுத்ததுங்க. அதில்லாட்டி அந்தப் பொம்பளைக ஓடி வந்திருப்பாங்க."

அவ்வளவுதான். கூட்டம் மொத்தமும் பெருமூச்சு விட்டது. நான் அதைக் காதால் கேட்டேன். குற்றவாளியே ஒப்புக்கொண்ட பிறகு வேறு என்ன வேண்டும்? கூடாரத்தைப் பிடுங்க வேண்டியது, இனி இந்த ஊர் எல்லைக்குள் படமே காட்டக்கூடாது, முடிந்தது. ஆண்டியையும் ஒரு பேச்சுக்குக் கேட்டார்கள். சாமிகள் சொன்னால் சரி என்றான். அண்ணனுக்கு முகம் தெளிந்துவிட்டது. நீ புறப்படும்போது வழிக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தனுப்பினார். மரியாதையான மனுஷன் என்று உன்னைப் பற்றிப் பத்துப் பேரிடம் சொன்னார்.

துடியலூர் ரோடு வரைக்கும் உன் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்து உன்னைத் திட்டினேன். வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். கோழை என்றேன். எங்கள் ஆட்களுக்குப் பயந்துவிட்டாயா என்றேன். என் அண்ணனோடு எனக்கு உறவு அறுந்துவிடக் கூடாது என்று தியாகம் செய்கிறாயா, யார் உன்னிடம் தியாகம் கேட்டது என்றேன். நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கிறவன் அன்று மாட்டை ஓட்டக்கூட நாக்கைத் தட்டவில்லை. ரோட்டில் ஏறும் இடத்தில், வெயிலாக இருக்கிறது, நீ ஊட்டுக்குப் போ என்று மட்டும் சொன்னாய்.

அண்ணனோடு உறவு எப்படியும் அறுந்துதான் போயிற்று. உன் தியாகம், அது தியாகமாக இருந்தால், அந்த வகையிலும் வீண். ரங்கன் திரும்பி வந்தான், ஆனால் எழுந்து நடக்கவில்லை. கையை ஊன்றி இழுத்து இழுத்துக் குடிசை வாசலுக்கு வருவான், போவான். யாரும் அவனை எதையும் பேசிக் காட்டச் சொல்லவில்லை. அவனும் பேசவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு வந்த காய்ச்சலில் போய்விட்டான். காய்ச்சலில் செத்தான் என்றுதான் ஊரில் சொல்வார்கள்.

நீ தகரக் குழாயைத் தொடவே இல்லை. அப்பாவின் தையல்கடையில் உட்கார்ந்து காஜா எடுத்தாய். படங்களுக்கு வாய் வந்தது. இதே கோயமுத்தூரில் கொட்டகைகள் வந்தன, ஜனம் அலைமோதியது, உன் கடை வாசலில் நோட்டீஸ் வண்டி தம்பட்டத்தோடு போகும்போது நீ தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டிருப்பாய். பார்க்கிறபோதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வரும். கேட்டால், பேசும்படத்துக்கு என் பேச்சு எதற்கு என்று சிரித்து மழுப்பிவிடுவாய்.

சாகிறதற்குச் சில நாள் முன்புதான் சொன்னாய். இருமி இருமி நெஞ்சு கூடாகிப் போயிருந்தது. கோட்டைமேட்டு வீட்டில் ஜன்னலோரம் கட்டில். உன் அம்மா கொண்டுவந்து வைத்த கஞ்சியைத் தொடாமல், வண்டியில் அன்று நடந்ததைச் சொன்னாய். ஆண்டி மகனின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே வந்தானாம். ரங்கன் பாதி நினைவில் கீச்சுக் குரலிலேயே முனகிக்கொண்டு வந்தானாம். நரசிம்மநாயக்கன்பாளையம் தாண்டியதும் அவனுக்குக் கொஞ்சம் தெளிவு வந்து, பக்கத்தில் இருப்பது நீ என்று தெரிந்திருக்கிறது. உன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டிருக்கிறான்.

"நாஞ் செரியாச் சொன்னனுங்களா?"

"நா என்னத்தச் சொல்றது கவுண்டரே" என்றாய் என்னிடம். "செரியாச் சொன்னே கண்ணு, என்னையவிட நல்லாச் சொன்னேன்னு சொல்லிப்போட்டேன். அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுட்டு உங்க அண்ணனக் கை காட்டுவேன்?"

உன் கையைப் பிடித்துக்கொண்டேன், எலும்பாக இருந்தது. அழுதேன். நீ போய்ச் சேர்ந்த பிறகும் ரொம்ப நாளைக்கு அந்தப் பையன் கேட்ட கேள்வியே எனக்குப் பதிலாக இருந்தது. உன் மேல் தப்பே இல்லை என்று நான் எப்போதும் சொன்னதில்லை. ஒருவன் கெஞ்சுவது சிரிப்புக்குரியது என்று ஒரு கூடாரம் நிறைய ஜனத்துக்குப் பழக்கிவிட்டவன் நீ. அதை நீ உணர்ந்தாய், அதற்காக உன் தொழிலையே விட்டாய். உன்னளவுக்குத் தன் தப்பை உணர்ந்த ஒருத்தரையும் நான் எங்கள் ஊரில் பார்த்ததில்லை. உன் மேல் எனக்கிருக்கிற மரியாதைக்கும் அதுதான் காரணம், கோபத்துக்கும் அதுதான் காரணம்.

போன மாதம் நோம்பிக்கு ஊருக்குப் போனேன். உறவு அறுந்திருந்தாலும், அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வரலாம் என்று. பண்ணையத்தை இப்போது நாச்சிமுத்துதான் பார்க்கிறான். மீசை வைத்திருக்கிறான், கல்யாணம் ஆகிவிட்டது, என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறான். பண்ணையாட்களிடம் அவன் பேசுவதைக் கேட்டேன். அப்பனைவிடக் குரல் ஒரு படி தூக்கல். ரங்கனைப் பற்றி அவன் என்றைக்காவது நினைப்பானா என்று அவன் முகத்தைத் தேடிப் பார்த்தேன். எப்படி நினைப்பான்? அவனைக் கெடுத்தது படம் என்று ஊரே கூடித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கெடுத்தவனே வந்து ஒப்புக்கொண்டிருக்கிறான். அவன் பாவம், கெடுக்கப்பட்ட பிள்ளை.

சாயங்காலம் தோட்டத்துப் பக்கம் நடந்தேன். வாரியில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் பொடிசுகள், நீ வந்து போனபோது தொட்டிலில் கிடந்ததுகள். எங்கள் ஊர் எல்லைக்குள் அன்றைக்குப் பிறகு ஒரு கூடாரமும் வரவில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒன்றும் திரையில் ஓடுகிற படத்தைக் கண்ணால் கண்டதில்லை. பண்ணையாட்கள் குடியிருக்கும் வளவுப் பிள்ளை ஒருவனின் கழுத்தில் மூங்கில் கழியை வைத்து, இரண்டு கைகளையும் அதோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மற்றவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார்கள். ஓடிப்போய்க் கட்டை அவிழ்த்தேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று கத்தினேன். எல்லோரும் மிரண்டு நின்றார்கள். அவிழ்த்துவிடப்பட்டவன்தான் எனக்குச் சமாதானம் சொன்னான். யாரும் சொல்லித்தரவில்லையாம். எப்போதும் விளையாடுகிற விளையாட்டுத்தானாம்.

சத்தம் கேட்டு அண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். நிதானமாகக் கேட்டுவிட்டு, டவுனில் பேசும்படம் வந்ததிலிருந்தே காலம் கெட்டுப் போச்சு தம்பி என்றார். கேலியில்லை, மனசார நம்பித்தான் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தால், அந்தப் பிள்ளை கைகளை மறுபடியும் விரித்துக்கொண்டு நிற்கிறான்.

"கட்டுங்க, எம் மொற இன்னும் முடியலீங்க" என்று மற்றவர்களிடம் சொன்னான்.

சரி, அப்படியானால் இவர்களுடைய முறை எப்போது வரும் என்று அவனிடம் கேட்டேன். பிள்ளைகள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். நான் ஏதோ விவரம் தெரியாமல் கேட்டுவிட்டேனாம்.

"அவீங்களுக்கு மொற இல்லீங்க" என்றான்.

அந்தச் சிரிப்பிலிருந்து என்னால் இன்னும் வெளியே வர முடியவில்லை. அதில் உன் பங்கு எவ்வளவு, எங்கள் பங்கு எவ்வளவு என்று நீ உயிரோடு இருந்தால் உட்கார்ந்து பேசியிருப்போம், அடித்துக்கொண்டிருப்போம். உன் பங்கை நீ எடுத்துக்கொண்டது நியாயம், நான் தடுக்கவில்லை. எங்கள் பங்கை ஏனடா எடுத்துக்கொண்டு போனாய்? அன்று கோயில் வாசலில் அதை எங்களிடமே விட்டிருந்தால், கொஞ்சம் கொஞ்சமாகவாவது எங்களுக்கு வலித்திருக்கும். நீ வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாய். இப்போது எங்கள் ஊரில் அது என் ஒருவனிடம் மட்டும்தான் இருக்கிறது. எனக்கோ அங்கே தோட்டமும் இல்லை, ஆளும் இல்லை, நான் சொன்னால் கேட்பதற்கு ஒரு பிள்ளையும் இல்லை.